முதலா? வழிச்செலவா?

“பையன் எந்த நாட்டுல இருக்கறானுங்க?” கொங்கு நாட்டுத் திருமணப் பேச்சுகளில் இன்று பெண்ணைப் பெற்றவர் கேட்கும் முதல் வினா இது. ஒரு தலைமுறைக்கு முன் அவ்விடத்தில் வேறு வினாக்கள் இருந்தன. நிலம் எத்தனை வள்ளம், கிணற்றில் நீர் எவ்வளவு, பட்டறையில் பொறிகள் எத்தனை என்று கேட்டார்கள். அவற்றுக்கு விடை பக்கத்து ஊரிலேயே கிடைத்தது. மாமனோ மைத்துனனோ சென்று பார்த்து வந்து சொன்னான். இன்றைய வினாவுக்கு விடை தொராண்டோவிலும் பெர்லினிலும் இருக்கிறது. யார் சென்று பார்ப்பது? சம்பளத் தொகையைச் சொன்னால் போதும். எவரும் சாணும் முழமும் அளப்பதில்லை. இங்கேயே நல்ல வேலையில் நலமாக இருக்கின்ற இளைஞனையும் இவ்வினா குற்றம் செய்தவனைப் போலத் தலைகுனிய வைக்கிறது.

சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ உள்ள கணினி நிறுவனம் ஒன்றில் ஆறாண்டு உழைத்த ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். அகவை இருபத்தேழு. குடியும் கூத்தும் இல்லாதவன். திங்கள்தோறும் மிச்சம் பிடித்து 15 இலக்கம் உருபா சேர்த்து வைத்திருக்கிறான். தலையில் கடனில்லை. தந்தையார் பெயரில் பொள்ளாச்சிப் பக்கம் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு. உடன் படித்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். போனவர்கள் பனியில் நின்று எடுத்த படங்களை அனுப்புகிறார்கள்; பனியில் நின்று பட்ட பாட்டை அனுப்புவதில்லை. இந்தப் பதினைந்து இலக்கத்தை எடுத்துக்கொண்டு புறப்படுவதா, இங்கேயே நிற்பதா என்று அவன் இரவெல்லாம் புரண்டு படுக்கிறான்.

அவனுக்கு விடை சொல்ல இரு கூட்டத்தார் ஆயத்தமாக இருக்கிறார்கள். போகிறவனெல்லாம் தாய்மண்ணைக் காட்டிக்கொடுத்தவன் என்பது ஒரு கூட்டத்தார் பேச்சு. (அவர்களுள் சிலருடைய மக்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை ஊரறியும்.) கடல்கடந்து பொருள் தேடச் சொன்ன ஔவையைத் துணைக்கழைத்து, தமிழன் உலகெலாம் பரவவேண்டும் என்று முழங்குவது மற்றொரு கூட்டத்தார் பேச்சு. ஆளனுப்பிப் பிழைக்கும் முகவர்க்கு இவர்கள் பேச்சு காசில்லா விளம்பரம். இரு சாராரும் அவ்விளைஞன் கையிலுள்ள பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அது முதலா, வழிச்செலவா? இதைத் தெளிந்த பின்னரே போவதும் நிற்பதும் பொருள்படும்.

கொங்கு நாடு மழை குறைந்த நாடு. மேற்குமலையின் மறைவில் கிடக்கும் இம்மண்ணில் ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டியும் நீர் காணாத ஊர்கள் உண்டு. இங்கே செல்வம் மழையால் வரவில்லை. மிச்சம் பிடித்ததால் வந்தது. பருத்தி விற்ற பணம் அரைவை ஆலையாயிற்று. 1930-களில் பைக்காரா மின்னாற்றல் மலையிறங்கி வந்தபோது அது நூற்பாலையாயிற்று. நூற்பாலைக்குப் பழுது பார்த்த பட்டறைகள், கிணற்று நீரை இறைக்கும் பொறி செய்யும் தொழிலகங்களாயின. சீட்டுப் பணமும், மனைவியின் நகையும், பங்காளி தந்த கைமாற்றும் ஒன்றுசேர்ந்து கடைசல் பொறியாக மாறிய கதை கணபதியிலும் சிங்காநல்லூரிலும் தெருவுக்கு ஒன்று உண்டு. பணத்தைப் பணமாகவே வைத்திருக்கத் தெரியாத ஊர் கோவை.

கோவைக்காரர் எல்லாரும் அறிந்த கோ.து. நாயுடு 1893-இல் சூலூரை அடுத்த கலங்கலில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு அவரிடம் நிலைக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த விசையுந்தின்மீது அவருக்கு ஆசை பிறந்தது. கோவைக்கு வந்து, உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலை பார்த்து, சில ஆண்டுகள் காசு சேர்த்து ஒரு விசையுந்தை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதிலேறி ஊர் சுற்றுவதோடு நிற்கவில்லை. அக்கக்காகப் பிரித்துப் போட்டு மீண்டும் பூட்டினார். உணவகப் பணியாளின் மிச்சம் முதலாக மாறிய இடம் அதுதான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து விட்டார். பின்னர் அது பெரும் பேருந்து நிறுவனமாக வளர்ந்தது. அதன் பிறகுதான் அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார். ஒரு முறையன்று, பல முறை போனார். செருமனியில் கண்ட நுட்பங்களைக் கண்ணாலும் கையாலும் அள்ளிக்கொண்டு வந்தார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்னோடியை அவர் உருவாக்கிய இடம் பெர்லினன்று, பீளமேடு. 1974-இல் அவர் மறையும்வரை கோவைக்காரராகவே இருந்தார்.

1926-இல் பூ.சா.கோ. உடன்பிறந்தார் நால்வர் தம் குடும்ப உடைமையை ஐந்தாகப் பகுத்து, ஐந்தாம் பங்கை அறத்துக்கென்று ஒதுக்கினர். 1951-இல் அவ்வறக்கட்டளை தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியில், மாணவன் கற்கும் வகுப்பறையும் இரும்பு உருகும் வார்ப்பகமும் ஒரே வளாகத்தில் இருந்தன. கற்றதைக் கையோடு செய்து பார்க்க வேண்டும் என்பது நோக்கம். இன்று கோவையைச் சுற்றிலும் எண்ணற்ற பொறியியற் கல்லூரிகள். அவற்றில் தேறுபவருள் மிகச் சிறந்தவர், தாம் கற்றதை எந்தத் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்குகின்றார்? ஐந்தாம் பங்கு கொடுத்தவர்கள் எழுந்துவந்து கணக்குக் கேட்டால் சொல்லுவதற்கு ஒரு விடை வேண்டாவா?

போவதிலும் கொங்கு நாட்டுக்கென்று ஒரு முறை உண்டு. திருச்செங்கோட்டார் ஆழ்துளை இடும் வண்டிகளை ஓட்டிக்கொண்டு வடநாடெங்கும் போனார்கள். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் அவற்றைக் கப்பலேற்றினார்கள். பொறி தங்களுடையது, தொழில் தங்களுடையது, ஆதாயம் ஊர் திரும்பியது. திருப்பூரார் தாம் இங்கிருந்துகொண்டு சரக்கை அனுப்பினார்கள். 1970-களின் இறுதியில் இத்தாலிக்குப் போகத் தொடங்கிய பின்னலாடை, 2024-25-இல் ஏறத்தாழ 40,000 கோடி உருபா ஏற்றுமதியாக வளர்ந்திருந்தது. 2025 ஆகத்து 27 முதல் அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது அதே திருப்பூர் தள்ளாடியதையும் மறைக்க வேண்டுவதில்லை. வீட்டிலேயே இருந்தாலும் அயலான் கை நம் அடுப்புவரை நீளும் காலம் இது.

முதலை அயல்மண்ணில் கொண்டுபோய் ஊன்றியவர் கதையும் தமிழ்நாட்டில் உண்டு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைவிடக் கணக்கறிந்தவர் தமிழருள் யார்? கீழைப் பர்மாவின் நெல்வயல்கள் அவர்கள் கடனால் விளைந்தன. 1930-இல் உலகெங்கும் விலை வீழ்ந்தபோது, கடனுக்கு ஈடாக நிலம் அவர்கள் கைக்கு வந்தது. அங்குள்ள முகன்மையான நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறாக இருந்த அவர்கள் நிலவுடைமை 1937-இல் இருபத்தைந்தாயிற்று. வயல் இருந்தது, பெட்டகம் இருந்தது, கணக்கேடு இருந்தது. அந்நாட்டை ஆளும் உரிமை மட்டும் இல்லை. 1942-இல் சப்பானியர் படை வந்தது. பின்னர் 1962-இல் நெவின் ஆட்சி வந்தது; வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின; 1964-இல் பெரும் பணத்தாள்கள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன. செல்வராகப் போனவர்கள் கைப்பையோடு கப்பலிறங்கினார்கள். பல ஊர்களில் இன்றும் இருக்கும் பர்மாக் குடியிருப்புகள் அவ்வரலாற்றின் எச்சம்.

முதலில்லாமல் உழைப்பை மட்டும் கொண்டுசென்றவர் கதை இதனினும் கொடிது. இலங்கை மலைநாட்டில் தேயிலையைப் பயிராக்கிய தமிழரை, 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாத்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆடுமாடுகளைப் பிரிப்பதுபோலப் பிரித்து ஒப்பமிட்டார்கள். அப்படிப் பிரிக்கப்பட்டவருள் ஒரு பகுதியார்தாம் கோவைக்கு மேலே நீலமலையில், கோத்தகிரியிலும் கூடலூரிலும் மீண்டும் தேயிலை கிள்ளிக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து இறங்கிவரும் பேருந்தில் பக்கத்து இருக்கையில் அமரும் முதியவரைக் கேட்டால், உரிமையில்லா மண்ணில் உழைப்பது இன்னதென்று எந்தப் புத்தகத்தைவிடவும் தெளிவாகச் சொல்வார்.

இன்று போகிறவன் கூலியல்லனே, பொறியாளனாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கதவின் திறவுகோல் இன்றும் அவன் கையில் இல்லை. கனடா நாடு, படிக்க வருபவன் தன் உணவுக்கும் உறையுளுக்கும் காட்டவேண்டிய தொகையை 2024 சனவரி முதல் நாளில் 10,000 தாலரிலிருந்து 20,635 தாலராக உயர்த்தியது. அன்றைய மதிப்பில் அது பன்னிரண்டு இலக்கம் உருபாவுக்கு மேல். கல்விக் கட்டணம் அதற்கும் மேலே. ஆறாண்டு மிச்சம் கதவைத் தட்டும் முன்பே கரைந்துவிடுகிறது. அதே மாதம் மாணவர் எண்ணிக்கைக்கும் அந்நாடு உச்சவரம்பு கட்டியது. முகவரிடம் முன்பணம் கட்டியிருந்தவர் நிலை அவரவர்க்கே வெளிச்சம். அமெரிக்காவிலோ, எச்-1பி என்னும் வேலை இசைவு ஆண்டுக்கு 85,000 மட்டுமே; அதற்கும் குலுக்கல். 2025 செப்தம்பர் 19-இல், புதிதாக ஆள் அழைக்கும் நிறுவனம் ஆளொன்றுக்கு 1,00,000 தாலர் கட்டவேண்டும் என்று அந்நாட்டுத் தலைவர் ஒப்பமிட்டார். அன்றிரவு விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவர் பலர், பொழுது விடியுமுன் திரும்பிவிட வேண்டுமே என்று வானூர்தி நிலையங்களுக்கு ஓடினார்கள். நிலைக்குடி உரிமைக்கோ, எந்த ஒரு நாட்டார்க்கும் ஆண்டில் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேலில்லை. இந்தியாவில் பிறந்தவர் வரிசை பல பத்தாண்டு நீள்கிறது. அங்கேயே வளர்ந்த பிள்ளை, 21 அகவை நிறைந்ததும் பெற்றோர் வரிசையிலிருந்து வெளியே தள்ளப்படும் கொடுமையும் அங்கே நடக்கிறது.

வரிசையில் நின்று வென்றவன் நிலையையும் பார்க்கவேண்டும். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, பிற நாட்டுக் குடியுரிமையைத் தானே விரும்பிப் பெற்றவன் இந்தியக் குடியுரிமையை இழக்கிறான். அவனுக்குத் தரப்படும் கடல்கடந்த இந்தியர் அட்டையில் வாக்குரிமை இல்லை. கொங்கு நாட்டார் பலரும் அறியாத செய்தி இன்னொன்று உண்டு. அப்படிப்பட்டவன் இங்கே வீடு வாங்கலாம், மனை வாங்கலாம். உழவு நிலம் வாங்க முடியாது. குடியுரிமையை இழக்காமல் வெளிநாட்டில் வாழ்பவனுக்கும் அயல்நாட்டுப் பணமாற்றுச் சட்டம் அதே தடையை வைத்திருக்கிறது. தந்தை வழியாக வரும் தோப்பை அவன் வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் காடு விலைக்கு வந்தால் தன் பெயரில் ஒரு சென்டும் எழுத முடியாது. ‘பத்தாண்டு உழைத்துவிட்டு வந்து நாலு ஏக்கர் வாங்கிப் போட்டு நிம்மதியாக இருப்பேன்’ என்று சொல்லிப் புறப்படுகிறவர், அதற்கு முதலில் இங்கு மீண்டும் குடியேறியாக வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தாரா?

இவ்வளவும் சொன்னதால் இங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று பொருளன்று. கணினி நிறுவனங்களில் புதிதாகச் சேர்கிறவன் பெறும் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கு மேலாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை இலக்கத்தைச் சுற்றியே கிடக்கிறது. வீட்டு வாடகை அப்படிக் கிடக்கவில்லை. 2022 செப்தம்பரில் உயர்ந்த மின்கட்டணம் கூலிக்குக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகளின் கழுத்தை நெரித்தது. பெரிய ஆலைகள் செய்த வேலைக்குப் பணம் தர மாதக் கணக்கில் இழுத்தடிப்பதைச் சிறு பட்டறைக்காரர் அனைவரும் சொல்வர். பெண்மக்களுக்கோ இன்னொரு கரணியமும் உண்டு. தன் சம்பளம் தன் கையில் நில்லாத வீட்டிலிருந்து ஒரு பெண் புறப்பட்டுப் போய், தன் அறைக்கதவைத் தானே திறந்து தானே பூட்டுகிறாள் என்றால், அவளைத் தாய்நாட்டுப் பற்றில்லாதவள் என்று ஏசுவதற்கு முன் அவ்வீட்டார் நாணவேண்டும்.

ஆயினும், பதினைந்து இலக்கம் இங்கே என்ன ஆகும் என்பதை அதே இளைஞன் ஒரு தாளில் எழுதிப் பார்த்ததுண்டா? அயல்நாட்டுக் கட்டணங்களை விரல்நுனியில் வைத்திருப்பவன், தமிழ்நாட்டரசு முதல் தலைமுறைத் தொழில் முனைவோர்க்கு 2012-13 முதல் நடத்திவரும் திட்டத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டான். பட்டமோ பட்டயமோ தொழிற்பயிற்சியோ பெற்றவர் தொடங்கும் தொழிலின் முதலீட்டில் 25 விழுக்காட்டை, 75 இலக்கம் என்னும் மேல்வரம்புக்கு உட்பட்டு, அரசு தருகிறது. எஞ்சிய பெரும்பகுதிக்கு வங்கிக்கடன், அதன் வட்டியிலும் 3 விழுக்காடு குறைப்பு. தொழிலுக்குத் தன் பங்காகப் போடவேண்டிய தொகை அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது வழிச்செலவாகிவிட்டால் மீண்டும் அத்தொகையைச் சேர்க்க இன்னும் ஆறாண்டு வேண்டும். அப்போது அகவை முப்பத்துமூன்று.

குறிச்சித் தொழிற்பேட்டை வார்ப்பகங்களில் இன்று கரியிலும் அனலிலும் நிற்பவர் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள். அவர்களைக் கண்டு முகஞ்சுளிப்பவர் ஒன்றை மறக்கின்றனர். ஊரில் பிழைப்பில்லை, போனால் மிச்சமாகும் என்று நம் பிள்ளை போடும் அதே கணக்கைப் போட்டுத்தான் அவர்களும் வந்திருக்கிறார்கள். நம் பிள்ளை தொராண்டோவில் மொழி தெரியாத முதல் குளிர்காலத்தைக் கழிப்பதுபோலவே அவர்கள் இங்கே கழிக்கிறார்கள். அவர்கள் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பும் பணம் அங்கே செங்கல் வீடாகிறது. நம்மவர் அனுப்பும் பணம் இங்கே பெரும்பாலும் அடுக்குமாடி வீடாகிறது. அவ்வீட்டில் குடியிருப்பவர் எவருமில்லை.

மொழியின் கணக்கையும் எழுதத்தான் வேண்டும். வெளிநாட்டுத் தமிழர்க்குத் தமிழ்ப்பற்றில்லை என்று சொல்ல எவர்க்கும் வாயில்லை. ஆர்வர்டு பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 2018-க்குள் 60 இலக்கம் தாலர் திரண்டது. தனிநாயக அடிகள் மலேயாப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டுதான் 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். பால்மரம் சீவிய கூலித் தமிழர், அரைவயிற்றுக் கஞ்சியோடு தோட்டந்தோறும் பள்ளி கட்டினர். மலேசியாவில் இன்று 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி நான்கனுள் ஒன்று. கூட்டமாகப் போய், கூட்டமாக வாழ்ந்தவர்கள் இதைச் செய்தனர். தனித்தனியாகப் போய், ஊருக்கு ஒருவராகச் சிதறி வாழும் இன்றைய பெருஞ்சம்பளக்காரர் வீட்டில், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரத் தமிழ் வகுப்புக்கு மேல் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

ஆனால் இக்குற்றத்தை அயல்நாட்டின் தலையில் ஏற்றுவது முறையன்று. மூன்று அகவையில் குழந்தையை ஆங்கிலப் பள்ளியில் விட்டு, வீட்டில் ‘அப்பா’ என்றாலும் பள்ளியில் கூசவைத்து, இருபதாண்டு பயிற்றியவர் பெற்றோரே. அப்பிள்ளையின் செல்கை அன்றே முடிவாகிவிட்டது. இருபத்தேழில் சீட்டு வாங்குவதுதான் மிச்சம். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழில் படிக்க வழிசெய்தது. அவ்வழியில் எத்தனை பெற்றோர் தம் மக்களை அனுப்பினர்?

செருமனிக்குப் போகிறவன் இதிலே ஒரு வேடிக்கையைக் காண்பான். அங்கே தொழிற்பயிற்சி மூன்று, மூன்றரை ஆண்டு. கிழமையில் சில நாள் தொழிலகத்திலும் சில நாள் பள்ளியிலும் கற்க வேண்டும். பயிற்சிக்காலத்திலேயே ஊதியமும் உண்டு. பாடம் முழுவதும் செருமானிய மொழியில். கடைசல் பொறியின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவர்கள் மொழியில் பெயருண்டு. அதைக் கற்காமல் பொறியில் கை வைக்க விடமாட்டார்கள். கோவை இளைஞன் இரண்டாண்டு முயன்று அப்பெயர்களைக் கற்கிறான். அவனுடைய ஊர்ப் பட்டறையிலேயே வார்ப்பு, அச்சு, மரை, அரம், உளி என்று வழங்கும் சொற்களைக் கல்லூரியில் நான்காண்டும் அவன் காதால் கேட்டதில்லை.

போவதற்குத் தக்க வழியென்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், இத்தகைய கல்வியைச் சொல்லலாம். அங்குப் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களிலும் கல்விக் கட்டணம் இல்லை. 2024 செப்தம்பர் முதல், ஓராண்டுச் செலவுக்காக 11,904 யூரோவைத் தனிக்கணக்கில் வைத்துக்காட்ட வேண்டும் என்றார்கள். ஏறத்தாழ 11, 12 இலக்கம் உருபா. அது எவர்க்கும் கொடுக்கும் கட்டணமன்று, திங்கள்தோறும் 992 யூரோவாக அவனுக்கே திரும்பி வருவது. இன்ன நுட்பத்தைக் கற்கப் போகிறேன், இத்தனை ஆண்டில் முடிப்பேன், முடித்தபின் அந்நுட்பத்தைக் கோவையில் இன்ன தொழிலில் இறக்குவேன் என்று எழுதிக் காட்டக்கூடியவன் கையில் அந்தப் பணம் முதலாகவே இருக்கும். கோ.து. நாயுடு போனதும் அப்படித்தான். பெண் வீட்டார் கேட்கும் வினாவுக்கு விடை வேண்டுமே என்று போகிறவன் கையில் அது வழிச்செலவு. அவன் கனடாவுக்குப் போனாலும் காங்கேயத்துக்குப் போனாலும் வழிச்செலவுதான்.

முகவர்முன் போய் உட்காருவதற்கு முன் அவன் உட்காரவேண்டிய இடம் தந்தையார் முன்பு. ஆனைகட்டிச் சாலையிலும் தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலும் முதியோர் குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழுந்திருக்கின்றன. மக்களை அயல்நாட்டில் வைத்துக்கொண்டு, மாலையில் ஒருவரையொருவர் நலம் கேட்டுக்கொண்டு பலர் அங்கே வாழ்கிறார்கள். குறை சொல்வதற்கில்லை, உணவு நேரத்துக்கு வருகிறது, மருத்துவர் வருகிறார். ஆனால் அங்கே போய்ச் சேருவோம் என்று பிள்ளை புறப்பட்ட நாளில் அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. தோப்பை யார் பார்ப்பது, தாய்க்கு மூட்டுவலி முற்றினால் யார் வருவது, எந்த ஆண்டுக்குள் திரும்பாவிட்டால் திரும்புவதில்லை என்று கொள்வது. இவற்றைக் கூச்சமின்றிக் கேட்டு, கூச்சமின்றி விடை பெறவேண்டும். செருமானியப் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவத்துக்கு எழுதிக் கேட்கக் கடைசி நாள் பெரும்பாலும் சூலை 15. அதற்கு முன் தைப்பொங்கலும் சித்திரையும் இருக்கின்றன. வீட்டார் எல்லாரும் ஒன்றுகூடும் அந்நாள்களில் அப்பேச்சை எடுக்கலாம்.